மாமியின் காலும் என் காரின் வில்லும்

எங்கள் ஊரில் என் காரைப் பின்பக்கத்தைப் பார்த்தே அடையாளம் சொல்வார்கள். மற்றக் கார்கள் மட்டமாக நிற்கும். என்னுடையது பாரமில்லாமல் நிற்கும்போது, நிலத்தில் விழுந்து கும்பிடத் தொடங்கிப் பாதியில் யோசித்து நிற்கிற ஆளைப்போல, மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறவியிலேயே அப்படி இல்லை. அது நான் செய்த திருத்தம்.

உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்கள் அவை. கார் ஒரு பழைய அமெரிக்கக் கார். மேலே கித்தான் கூடாரம், பக்கத்தில் ஏறி மிதிக்கிற பலகை. உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களுக்குள் வண்டில்கள் போகிற பாதையால் இறங்கி, புகையிலைச் சிப்பமும் வாழைக்குலையும் ஏற்றிவருவதுதான் எனக்குத் தொழில். ரோட்டில் ஓடுவதற்கென்று செய்த காரைத் தோட்டத்துக்குள் விட்டால் அது சும்மா இருக்குமா? சிப்பம் ஏற ஏறப் பின்பக்கம் தொய்ந்து, வயிறு மண்ணில் தேய்ந்தது. காரின் பாரத்தைத் தாங்குவது சில்லுக்குமேல் இருக்கிற வில்லு. வளைந்த உருக்குத் தகடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். நான் ஒரு பழுதான லொறியிலிருந்து தகடுகளைக் கழற்றி, பின்வில்லு இரண்டிலும் சொருகி இறுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு எவ்வளவு பாரம் ஏற்றினாலும் கார் அசையவில்லை. பாரமில்லாதபோது மட்டும் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் வெட்டுக்கிளிபோலத் துள்ளும். புகையிலை முறையிடாது என்பதால் நானும் கவலைப்படவில்லை.

முறையிடக்கூடிய ஒரே ஆள் என் மாமி. ஒருமுறை கோயிலுக்குப் போக அந்தக் காரில் ஏறினார். சந்திக்கு வருமுன்னரே நிறுத்தச்சொல்லி இறங்கி, சீலையைச் சரிசெய்துகொண்டு, மிச்சத் தூரத்தை நடந்து போனார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மாமியார்மார் மருமகனோடு நேரே கதைப்பதில்லை. நான் இருந்தது மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில். அதாவது மாமியின் வீட்டில். என் கோப்பையில் விழுகிற சோறும் என் தலைக்குமேல் இருந்த ஓலையும் அவருடையவை. ஆனாலும் எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வார். "பிள்ளை, அவரிட்டைக் கேள், கூரைக்குக் கிடுகு எப்ப வருமெண்டு." நான் இரண்டு முழத் தூரத்தில் நிற்பேன். என் மனைவி திரும்பி, "கிடுகு எப்ப வருமாம்?" என்று கேட்பாள். நான் மனைவியைப் பார்த்து, "நாளைக்கு" என்பேன். மாமிக்குக் காது நல்ல கூர்மை. ஆனாலும் மகள் வாயால் வந்த பிறகுதான் அது பதில்.

மாமி கதைக்காத இன்னொரு ஆள் அவருடைய தங்கை. அங்கே காரணம் மரியாதை இல்லை, கோபம். வேலிக்கு அப்பால் சின்னமாமி வீடு; இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. என்ன கோபமென்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு கதை சொல்வார்கள். இரண்டும் உண்மைபோலவே இருக்கும். கிணற்றடிச் சீமெந்துத் தளத்தில் பாசி பிடிக்கும். மாமி தன் பாதியைத் தென்னம்பொச்சால் உரஞ்சிக் கழுவுவார். சின்னமாமி தன் பாதியைக் கழுவுவார். ஒருவர் கை மற்றவர் பாதிக்குள் போய்விடக் கூடாது என்கிற கவனத்தில் இரண்டு பேரும் நடுக்கோட்டுக்குச் சற்று இப்பாலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சாண் அகலத்தில், பச்சைப் பசேலென்று பாசி வளர்ந்தது. ஒருநாள் காலை தண்ணீர் வாளியோடு திரும்பிய மாமி அந்த ஒரு சாணில் கால் வைத்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

கோப்பாய்க்கு அப்பால், உப்புப் பூத்த வெறும் வெளியான தரவையைத் தாண்டி, முறிவு கட்டுகிற பரியாரியார் ஒருவர் இருந்தார். வயதானவர், வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டார். வண்டிலில் வைக்கோலைப் பரப்பி மாமியைக் கொண்டுபோனோம். அவர் எலும்பைப் பொருத்தி, பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டி அனுப்பினார். கட்டு மாற்றுவதற்கு இரண்டாம் முறையும் அதே வண்டிலில் போனபோது தரவையிலே சில்லு ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியது. மாமி சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். கட்டை அவிழ்த்துத் தடவிப் பார்த்த பரியாரியார் முகத்தைச் சுழித்தார். எலும்பு கொஞ்சம் விலகிவிட்டது. அவர் அதைத் திரும்பவும் இழுத்துப் பொருத்தியபோது உள்ளேயிருந்து வந்த சத்தம் மாமியுடையது என்பதை நான் கொஞ்ச நேரம் நம்பவில்லை. சத்தம்போட்டுக் கதைத்துக்கூட நான் கேட்டறியாத மனுஷி.

"முறிவு இப்பதான் பிடிக்கத் தொடங்குது. கட்டி முடிச்ச பச்சைச் சுவர் மாதிரி," என்றார் பரியாரியார் என்னிடம். "அடுத்த கட்டுக்கு ஆளைக் குலுக்காமல் கொண்டு வாரும். இன்னொருக்கால் விலகி, கோணலாய் ஒட்டிச்சுதோ, உடைச்சுத்தான் நிமித்தவேணும். இல்லையெண்டால் ஆயுளுக்கும் நொண்டவேணும்."

போகும்போது ஒரு ஊன்றுதடியையும் தந்தார். மாமி வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்ன முதல் சொல், "உந்தத் தடியை மாட்டுக்கொட்டிலுக்குள்ளை வை" என்பது. இளம் வயதிலேயே புருஷனை இழந்து, தோட்டத்தையும் ஒரு மகளையும் தனியாக நிமிர்த்தி எடுத்தவர். நொண்டுவதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடி கண்ணில் படக்கூடாது என்று மட்டும் சொன்னார். எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது எனக்கு அதில் விளங்கியது.

அன்று பின்னேரம் என் மனைவி, "இஞ்சேருங்கோ, உங்களிட்டை ஒரு கார் இருக்கெல்லே?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வெட்டுக்கிளிபோலத் துள்ளுகிற அந்தக் காரிலா என்று எனக்குப் பயம் பிடித்தது.

என் பயத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வெளியே பகிடிக்காரன் என்று எனக்கு நல்ல பேர். செத்தவீட்டிலும் சிரிக்கவைத்துவிடுவேன் என்பார்கள். உண்மையில் என் பகிடிகள் எல்லாம் பயத்தில் பிறந்தவை. பல் கிட்டுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். அன்று இரவு மாமி நொண்டி நொண்டி என்னைக் கடந்து போவதாகவும், ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை என் பக்கம் திரும்பாமல் "பிள்ளை, அவரிட்டைச் சொல்லு" என்று சொல்வதாகவும் கனவு கண்டேன்.

விடிந்ததும் இணுவிலுக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே லொறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் எனக்கு மச்சான் முறை. தெரியாத விஷயம் என்று ஒன்று அவனுக்கு இல்லை. வந்து, காருக்குக் கீழே படுத்து, வில்லைத் தட்டிப் பார்த்து, "மச்சான், உதிலை ஆனையை ஏத்தலாம், ஆளை ஏத்தேலாது" என்றான்.

"என்ன செய்யலாம்?"

"கழட்டு. நீ சொருகினதை எல்லாம் கழட்டு. பேந்து அதோடை பிறந்ததிலையும் ஒண்டைக் கழட்டு. மிச்சத்துக்கு நல்லாய் எண்ணெய் விடு. தொட்டில் மாதிரி ஆடும்."

காரை முற்றத்தில் ஜாக்கியில் ஏற்றிவைத்து, துருப்பிடித்த ஆணிகளோடு ஒருநாள் முழுவதும் மல்லுக்கட்டினோம். தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசினோம். வண்டில் மசகு போதாமல் போனபோது மச்சான் விறாந்தையில் இருந்த ஒரு போத்தலை எடுத்து மிச்சத்துக்கும் பூசிவிட்டான். அது பரியாரியார் தந்த முறிவெண்ணெய். அதன்பிறகு பல நாளுக்கு மாமியின் காலும் என் காரும் ஒரே வாசம் வீசின.

பூட்டி முடிந்ததும் சோதித்துப் பார்க்கவேண்டும். வெறுங்காரைச் சோதித்துப் பயனில்லை. மாமியின் பாரத்துக்கு ஏதாவது பின்சீற்றில் வைக்கவேண்டும். இங்கேதான் எங்கள் இரண்டு பேருக்கும் குரல் தாழ்ந்தது.

"மாமி எவ்வளவு இருப்பா?" என்றான் மச்சான்.

"மெல்லக் கதையடா."

"ஒரு நெல்லுமூட்டை?"

நான் யன்னலைப் பார்த்தேன். "கொஞ்சம் கூட."

"அதோடை ஒரு கடகம் மரவள்ளிக் கிழங்கு?"

"அது கூடிப்போம்."

யன்னலுக்கு உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "பிள்ளை, அவையிட்டைச் சொல்லு, கிழங்கும் கிடக்கட்டுமாம். கட்டும் தப்பையும் பாரம்தானே."

என் மனைவி வாசலுக்கு வந்து, சிரிப்பை அடக்கமுடியாத முகத்தோடு, "கிழங்கும் கிடக்கட்டுமாம்" என்றாள். நான் காருக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் வேலை இருப்பதுபோலப் படுத்துக்கிடந்தேன்.

மூட்டையும் கடகமும் பின்சீற்றில் ஏறின. அவற்றுக்குமேல் ஒரு செம்பில் விளிம்புவரை தண்ணீர். வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையின் கல்லு முழுவதையும் கடந்து சந்திவரை போய்த் திரும்பினோம். செம்பு ஆடியது; சிந்தியது கொஞ்சம்தான். இறங்கி அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான தண்ணீர் குடித்ததில்லை. என் திருத்தத்துக்குப் பிறகு கார் முதல்முறையாக மட்டமாக நின்றது. கொஞ்சம் தாழ்வாகவே நின்றது.

நான் கணக்குப் பார்த்தது ஒரு நோயாளியின் பாரத்துக்கு. எங்கள் ஊரில் ஒரு நோயாளி தனியாகப் போவதில்லை என்பதை இரண்டு ஆண்பிள்ளைகளும் மறந்துபோனோம். தனியாகக் கொண்டுபோனால் ஆளில்லாத வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டு மாற்றுகிற நாள் காலை, மாமியைக் கதிரையோடு தூக்கிவந்து பின்சீற்றில் ஒரு மூலையில் சாய்த்து, காலை நீட்டிவைத்தோம். அந்தக் காலை ஏந்துவதற்குக் கோப்பாயிலிருந்து வந்திருந்த மாமியின் மச்சாள் மற்ற மூலையில் ஏறினார். நல்ல பெரிய உடம்பு. எதிர்வீட்டு அக்கா குடையோடும் பனங்கட்டிப் பெட்டியோடும் வந்து காருக்குள் தரைப்பலகையில் குந்தினார். முன்னுக்கு என் மனைவி. கார் இடையில் நின்றால் தள்ளுவதற்கென்று பக்கப் பலகையில் மச்சான். நான் ஒவ்வொருவர் ஏறும்போதும் வில்லைப் பார்த்தேன். வில்லும் என்னைப் பார்த்தது.

கம்பியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு நிமிர்ந்தால், வேலியில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்றால் சின்னமாமி வருகிறார். கையில் ஒரு தலையணை. யாரையும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. காரில் ஏறி, எதிர்வீட்டு அக்காவைக் கையால் விலக்கி, கீழே குந்தி, தலையணையை மாமியின் காலுக்குக் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டார். மாமி வெளியே வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் இன்னும் நாலு விரல் தாழ்ந்தது.

நான் வாயைத் திறந்து ஒரு பகிடி விடப் பார்த்தேன். வரவில்லை. இணுவில் கந்தசுவாமியாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு காரை எடுத்தேன்.

ஒவ்வொரு கல்லுக்கும் இன்னொரு தேங்காய் நேர்ந்தேன்; ஒழுங்கை வரையில் தேங்காய் கொஞ்சமாகத்தான் செலவானது. தரவைக்கு இறங்கியதும் ஒரு வண்டில் தடம். பின்சில்லு அதற்குள் இறங்க, வில்லு முழுவதும் அமர்ந்து, அச்சு மேலே எழும்பிச் சட்டத்தில் இடித்தது. "டக்" என்று ஒரு சத்தம். அது என் முதுகெலும்பில் கேட்டது. பின்னால் மாமியின் மூச்சு நின்று வந்தது.

நான் நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தேன். வில்லு வளைவு இல்லாமல் பலகைபோல நேராகிக்கிடந்தது. முன்னுக்குத் தரவை முழுவதும் அதே தடங்கள். திரும்பினால் ஏற்கெனவே கடந்த குழி. ஆட்களை இறக்கவேண்டும், ஆனால் யாரை? கோப்பாயிலிருந்து வந்த மச்சாளை இறங்கச் சொன்னால் அவருடைய உடம்பைப்பற்றிச் சொன்னதாகிவிடும். அது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். எதிர்வீட்டு அக்காவை இறக்கினால் ஊருக்கே செய்தி. சின்னமாமியைப்பற்றி நினைக்கவே பயம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வேலியைக் கடந்து வந்த ஆளை நடு வெளியில் இறக்கிவிட்ட மருமகன் என்று ஒரு பேர் எனக்கு வேண்டுமா? நான் காரை ஒருமுறை சுற்றிவந்தேன். பிறகு மற்றப் பக்கமாக ஒருமுறை சுற்றிவந்தேன்.

"என்ன மச்சான், வலம் வாறியோ?" என்றான் பக்கப் பலகையில் நின்றவன்.

"நீ முதல்லை இறங்கு."

அவன் இறங்கினான். வில்லில் ஒரு மாற்றமும் இல்லை.

"பிள்ளை," என்றார் மாமி. "அவரிட்டைக் கேள், என்னவாம்."

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கொஞ்சம்... பாரம்..." என்றேன், ஒருவரையும் பார்க்காமல். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தரவைக் காற்று கித்தானை அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அசைந்தது சின்னமாமி. தலையணையைப் பக்குவமாகச் சீற்றில் வைத்துவிட்டு, இறங்குவதற்குக் காலை எடுத்தார். வரும்போது இருந்த அதே முகம்.

"எல்லாரும் இறங்குங்கோ," என்றார் மாமி. "நல்ல வெளிதானே, காலாற நடந்து வாங்கோ. பிள்ளை, நீயும் இறங்கு."

மச்சாள் இறங்கினார், எதிர்வீட்டு அக்கா இறங்கினார், என் மனைவியும் இறங்கினாள். சின்னமாமி மிதிபலகையில் ஒரு கால் வைத்திருந்தார்.

"நீ எங்கை போறாய்?" என்றார் மாமி. வாழை மரம் இல்லாதபடியால் இப்போது பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. "நீ இரு."

சின்னமாமி காலை உள்ளே எடுத்தார். சீற்றின் மற்ற மூலையில் ஏறி இருந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் அக்காவின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நான் முன்னால் போய் இருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. என் மனைவி இறங்கிவிட்டாள். மாமி எனக்குச் சொல்வதை என்னிடம் கொண்டுவர இந்தக் காரில் ஆள் இல்லை. மூன்று பேர் இருக்கிறோம். சற்று முன் கேட்ட அந்த "நீ இரு"வைத் தள்ளினால், ஒருவரோடொருவர் நேரே கதைக்கிற இரண்டு பேர் இல்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தேன்.

"தம்பி," என்றது பின்னாலிருந்து மாமியின் குரல். நான் வேறு யாரையோ என்று நினைத்தேன். "தம்பி, பறக்கவும் வேண்டாம். பயத்திலை நித்திரை கொள்ளவும் வேண்டாம். எடுங்கோ காரை."

எடுத்தேன்.

அந்தத் தரவையைக் கடந்ததை நான் மறக்கமாட்டேன். வில்லு இப்போது வில்லாக இருந்தது. தடத்துக்குத் தடம் கார் தாழ்ந்து, மெல்ல எழும்பியது. ஆழமில்லாத கடலில் போகிற வள்ளம்போல ஆடியது. ஒவ்வொரு தாழ்விலும் நான் மூச்சை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கப் பயம். காதால் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"நோகுதே அக்கா?"

ஒரு தடம் போயிற்று. இன்னொரு தடம் போயிற்று.

"இல்லை."

இன்னும் சில தடங்கள் போயின. பிறகு மாமி, "நீ ஏன் உந்தப் பக்கம் சரியிறாய், விழப்போறாய்" என்றார்.

"கார் சரியுது."

"கார் சரிஞ்சால் நீயும் சரியிறதே?"

"கால் சரியக்கூடாதெல்லே," என்றார் சின்னமாமி. "நான்தான் சரியவேணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கார் எந்தப் பக்கம் ஆடினாலும் அதற்கு எதிராகத் தன் உடம்பை வளைத்து, மடியை மட்டமாக வைத்துக்கொண்டு அந்த மனுஷி வருகிறார். நான் கழற்றிய தகடுகள் என்ன, பூசிய எண்ணெய் என்ன, அதற்கெல்லாம் மேலே இன்னொரு வில்லு இருந்தது.

நடந்து வந்தவர்கள் வரம்பால் குறுக்கே விழுந்து எங்களுக்கு முதலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா பரியாரியார் வீட்டு வாசலில் இருந்து பனங்கட்டி கடித்துக்கொண்டு, "என்ன, காரிலையே வந்தனியள்?" என்று என்னைக் கேட்டார்.

கட்டை அவிழ்த்துத் தடவிய பரியாரியாரின் விரல்களை நான் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். மேலிருந்து கீழாக ஒருமுறை. கீழிருந்து மேலாக ஒருமுறை. நடுவில் ஓரிடத்தில் நின்றன. என் நேர்த்திக் கணக்கு அந்த நிற்பில் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போய்விட்டது.

"நேராய் இருக்கு," என்றார். "அசையேல்லை. எதிலை கொண்டு வந்தனியள்?"

"காரிலை," என்றேன், வெளியே நின்றபடி, கொஞ்சம் பெரிதாகவே.

"என்ரை மடியிலை," என்றார் சின்னமாமி, கொஞ்சம் மெதுவாக.

அதற்குப் பிறகு கட்டு மாற்றப் போனபோதெல்லாம் மாமி, வேலிப் பொட்டால் தலையணை வருமட்டும் காரை எடுக்க விடவில்லை.

புகையிலை வெட்டுக் காலம் வந்தது. நான் தகடுகளைத் திரும்பவும் சொருகி இறுக்கினேன். கார் பழையபடி மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியது. இறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. பாரம் தாங்கவேண்டும் என்று இறுக்கியது, பாரம் இல்லாத நேரத்தில் கூட இருப்பவரைக் குலுக்குகிறது. மாமி பல வருடமாக அப்படி இறுகித்தான் நின்றார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. என்னிடமும் அப்படி ஒரு தகடு இருக்கிறது; அதுதான் பகிடி. கழற்றினால் எவ்வளவு தொய்வேன் என்று தெரியாது. யோசனை அதற்குமேல் போகவில்லை. மச்சான் வந்து, ஆணியைப் பிழையான பக்கம் முறுக்குகிறாய் என்றான்.

கிணற்றடியை அவர்கள் அதற்குப் பிறகும் பாதி பாதியாகத்தான் கழுவினார்கள். ஆனால் மாமி தன் பாதியை முடித்து ஒரு சாண் அப்பாலும் உரஞ்சிவிடுவார். சின்னமாமி தன் பாதியை முடித்து ஒரு சாண் இப்பாலும் உரஞ்சிவிடுவார். ஊரிலே அந்த நடுவைப்போல வெளுத்த சீமெந்து வேறெங்கும் இருக்கவில்லை.

மாமி முதல்முறையாக வீட்டுக்கு வெளியே நடந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. குளித்து, திருநீறு பூசி, வாசல் படலைக்கு வந்தார். தடி மாட்டுக்கொட்டிலிலேயே இருந்தது. வேலிக்கு அப்பால் சின்னமாமி காத்துக்கொண்டு நின்றார். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளே இருந்தாள். கூப்பிடலாமா என்று பார்த்தேன். பிறகு துணிந்து, "கோயிலடியிலை இறக்கிவிடட்டே மாமி?" என்று நேரே கேட்டேன்.

மாமி காரின் உயர்ந்த பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உது புகையிலைக்குத்தானே தம்பி," என்றார். "நாங்கள் நடப்பம்."

இரண்டு பேரும் ஒழுங்கையால் போனார்கள். வளைவு வரும்வரைக்கும் நான் மாமியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சமும் நொண்டவில்லை. சின்னமாமிதான் பழக்கத்தில் ஒரு பக்கம் சரிந்து நடந்துபோனார்.